நாற்றுகளுக்கு இன்று தாமதமாக விடியும்

என்னங்க,

எழுப்ப மனசு வரல. டூட்டிக்குக் கிளம்பிட்டேன்.

"இது வீடா, நர்சரியா?"ன்னு நேத்து கத்திட்டு, தலகாணியைத் தூக்கிக்கிட்டு நேரா தக்காளி நாத்து இருக்கிற ரூமுக்கே போய்ப் படுத்தீங்க. செடி மேல கோவிச்சுக்கிட்டு செடி பக்கத்துலயே படுத்த ஆளை இப்பதான் பாக்குறேன்.

அந்த ஊதா விளக்கு விடியறதுக்கு முன்னாடியே தானா எரிய ஆரம்பிச்சிடும். உங்க மூஞ்சியில அடிக்குமேன்னு பிளக்கைப் பிடுங்கி வச்சிருக்கேன். எழுந்ததும் மறக்காம மாட்டிடுங்க. அந்த ரூமுக்கு ஜன்னல் கிடையாது, அதுங்களுக்கு அதுதான் சூரியன்.

தலையில இடிக்குதுன்னு விளக்கை மேல ஏத்திக் கட்டாதீங்க. தூரமாப் போனா நாத்து வெளிச்சத்தைத் தேடி நோஞ்சானா நீண்டு சாஞ்சிடும்.

சாப்பாடு ஃப்ரிட்ஜில இருக்கு, சூடு பண்ணிக்கோங்க.

கீழ்வீட்டு அக்கா மாடிச் சாவி வாங்க வருவாங்க. ஊதா வெளிச்சம் எதுக்குன்னு கேட்டா, தக்காளிக்குன்னு சொல்லுங்க. போன தடவை மாதிரி "என் பொண்டாட்டியைக் கேளுங்க"ன்னு சொல்லாதீங்க.

எனக்குக் கோபம் இன்னும் தீரல.

பி.கு.: ராத்திரி தலகாணியோட நம்ம ரூமுக்கே வந்துடுங்க. நாத்துக்கும் இருட்டுல நல்ல தூக்கம் வேணும். உங்க குறட்டை எனக்குப் பழகிப்போச்சு, அதுங்களுக்குப் பழகல.