ஊருக்கொரு சம்பளம்

இராஜபாளையம்
3.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். போனில் பேசினால் அத்தான் காதில் விழும், மானம் போகும். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் மீட்டிங்கில், எங்கள் கம்பெனியின் ஜெர்மனி ஆலைத் தலைவன் ஸ்டெஃபான் பேச்சுவாக்கில் தன் சம்பளத்தைச் சொன்னான். என்னுடையதைப் போல நான்கு மடங்கு. இருவருக்கும் ஒரே பதவி, ஒரே பேண்டேஜ் துணி. என் ஆலையில்தான் ஆட்கள் அதிகம். ஏன் என்று கேட்டதற்கு, "உங்கள் நாட்டில் செலவு குறைவுதானே" என்றார் ஜெர்மனி முதலாளி. அத்தனை பேர் நடுவில் கூனிக் குறுகிப்போனேன். நான் என்ன கால் மனுஷனா? சம்பளத்தை உயர்த்தச் சொல்லி எழுதப்போகிறேன். ஆண்டாளிடம் வேண்டிக்கொள்.

உன் தம்பி,
சிவபாண்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்
8.8.2025

தம்பி சிவபாண்டிக்கு ஆசிகள்.

படித்ததும் வயிறு எரிந்தது. உன்னைப் போய் அப்படிச் சொல்லலாமா? கோயிலுக்குப் போய் வேண்டிக்கொண்டேன்.

ஒன்று சொல்கிறேன், கோபிக்காதே. ஆர்டர் கூடினால் உங்கள் கம்பெனியின் எங்கள் ஊர் யூனிட் பெண்களை வேனில் உன் ஆலைக்குக் கூட்டிப்போகிறீர்கள். ஒரே மேசையில் துணி மடிக்கிறார்கள். ஆனால் உங்கள் ஊர்க்காரிக்கு ஒரு கூலி, எங்கள் ஊர்க்காரிக்கு அதைவிடக் குறைவு. சித்திரையில் அவர்களில் ஒருத்தி, செல்லத்தாய், உன்னிடமே கேட்டாள்: "எங்களுக்கு மட்டும் ஏன் சார் இம்புட்டுக் கம்மி?" நீ சிரித்துக்கொண்டே, "உங்க ஊர்ல செலவு கம்மிதானம்மா" என்றாய். சூப்பர்வைசர் என்று பின்னால் நின்ற எனக்குத்தான் முகத்தை வைத்துக்கொள்ள இடமில்லை. "எந்தம்பிதாம்ட்டி, செத்தப் பொறுங்க, செய்வான்" என்று சமாளித்தேன்.

உனக்குக் கேட்கும்போது அவர்களுக்கும் சேர்த்துக் கேள்.

அன்புடன்,
அக்கா மகாலட்சுமி

இராஜபாளையம்
30.8.2025

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைப் படித்ததும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர்களுக்கும் சேர்த்துத்தான் கேட்டேன், சத்தியமாக. இந்த வருடம் இரண்டில் ஒன்றுதான் முடியும், எது என்று நீயே சொல் என்றுவிட்டார்கள்.

மகள் கார்த்திகாவின் கல்லூரி, வீட்டுக் கடன் என்று எனக்கு நானே என்னவெல்லாமோ சொல்லிக்கொண்டேன். கடைசியில் என் சம்பளத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டேன். இப்போதும் ஸ்டெஃபான் வாங்குவதில் பாதிகூட வரவில்லை. வெட்கமாக இருக்கிறது அக்கா. அந்தப் பெண்களிடம் என்ன சொல்வாய்?

சிவபாண்டி

ஸ்ரீவில்லிபுத்தூர்
4.9.2025

சிவபாண்டிக்கு,

நீ கேட்டதாகவும் ஜெர்மனிக்காரர்கள் மறுத்துவிட்டதாகவும் அந்தப் பெண்களிடம் சொன்னேன். உனக்காக நான் சொல்லும் கடைசிப் பொய் இது.

எல்லோரும் நம்பிவிட்டார்கள். "நமக்காகப் போயிக் கேட்டாகளே, அதுவே பெருசுக்கா" என்று செல்லத்தாய் கண் கலங்கினாள். உனக்கென்று அதிரசம் சுட்டிருக்கிறாள். திங்கட்கிழமை வேனில் அவளே கொண்டுவருகிறாள். ஆளை அனுப்பாதே. நீயே வந்து வாங்கிக்கொள்.

மகாலட்சுமி