டத்தோவின் தோளில் என் ஜீன்ஸ்

ஜூலை 5, சனி

கிள்ளானில் கடை கடையாக ஏறி இறங்கினேன். தொடை நுழைகிற ஜீன்ஸில் இடுப்புக்குப் பின்னால் ஒரு பூனைக்குட்டியை வைக்கலாம். இடுப்பு சரியாக இருக்கிற ஜீன்ஸ் தொடையைத் தாண்டாது. விற்கிற பெண் ஆறுதலாகச் சொன்னாள், "பெல்ட் போட்டுக்கோங்க ஆன்டி." பெல்ட் போட்டால் அரிசி மூட்டைக்கு வாய் கட்டியது போல் சுருங்குகிறது. இவ்வளவு காலமும் என் உடம்பில்தான் குறை என்று நினைத்திருந்தேன். இன்று முதல்முறையாகக் கோபம் ஜீன்ஸ்மேல் வந்தது.

வேறு சமயமாக இருந்தால் விட்டிருப்பேன். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து நான் யார்ட் சூப்பர்வைசர். போர்ட் கிள்ளானில் இருபது வருடம் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து கன்டெய்னர் தாள்களுக்கு முத்திரை குத்தியவள், இனி வெளியே போய் லோரியில் ஏறிப் பார்க்க வேண்டும், குனிந்து சீல் நம்பர் படிக்க வேண்டும். பஞ்சாபி சூட் ஏணியில் மாட்டும், கூடாது. கனமான கால்சட்டைதான் விதி. போன வாரம் பழைய ஜீன்ஸில் ஒத்திகை பார்த்தேன். ஒரு கை ஏணியில், ஒரு கை இடுப்பில். கீழே நின்ற டிரைவர்கள் அத்தனை பேரும் மரியாதையாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலாளி ஹைதர் கூப்பிட்டார். "அக்கா, கஷ்டமா இருந்தா சொல்லுங்க லா. கவுண்டர் எங்கயும் போயிடாது." நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அதுதான் எரிச்சலாக இருந்தது.

நானே தைக்கப்போகிறேன். தீபாவளிக்கு பிளவுஸ் தைக்கிற கைக்கு ஜீன்ஸ் என்ன பெரிய விஷயமா?

ஜூலை 6, ஞாயிறு

பெரிய விஷயம்தான்.

டெனிம் வாங்கி, தைத்தபின் சுருங்காமல் இருக்க முன்கூட்டியே துவைத்துக் காயப்போட்டாயிற்று. ஆனால் யூடியூபில் ஒரு வெள்ளைக்காரப் பெண், டெனிமில் கத்தரி வைக்காதே என்கிறாள். முதலில் வேண்டாத துணியில் ஒரு மாதிரி தைக்க வேண்டுமாம். போட்டுப் பார்த்து, எங்கே சுருக்கம் விழுகிறது, எங்கே பிடிக்கிறது என்று அதன்மேலேயே குறிக்க வேண்டுமாம். பிறகு பிரித்துத் திருத்த வேண்டுமாம்.

வேண்டாத துணிக்கு எங்கே போவது? இந்த வீட்டில் இருப்பதெல்லாம் பொன்னாடை. என் கணவர் கமலநாதன் பண்டமாரானில் ஒரு இலக்கிய மன்றத்தின் செயலாளர். யாராவது இவருக்குப் போர்த்துவார்கள். இவர் அதை மடித்து, உறையில் போட்டு, என் அலமாரியில் வைப்பார். அடுத்த கூட்டத்தில் அது வேறொருவர் தோளுக்குப் போகும். சில பொன்னாடைகள் ஊரைச் சுற்றிவிட்டு இவரிடமே திரும்பி வந்திருக்கின்றன. பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியும்.

கேட்டேன். "பொன்னாடைய காலுக்கா? வர்ணம், அது மரியாதை லா" என்று என் பெயரைச் சொல்லிக் கண்டித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, இரண்டை எடுத்து வந்தார். ஒன்று மெரூன், ஒன்று பச்சை. நல்ல விறைப்பான காட்டன். பழைய பொருளாளர் போர்த்தியவையாம். இப்போது அவரோடு பேச்சு இல்லை. "இதுல மரியாதை ஒண்ணும் கிடையாது. வெட்டிக்கோ."

ஜூலை 9, புதன்

மாதிரி தயார். இடது கால் மெரூன், வலது கால் பச்சை, இரண்டு பக்கமும் கணுக்காலைச் சுற்றித் தங்கச் சரிகை. இதைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றால் யாராவது மேளம் கொண்டுவருவார்கள்.

முன்பக்கம் பரவாயில்லை. பின்பக்கம் என்ன நிலை என்று தெரியவில்லை. கண்ணாடியில் பார்க்கத் திரும்பினால் திரும்புவதாலேயே சுருக்கம் விழுகிறது. நேராக நின்றால் பார்க்க முடியவில்லை. பின்னால் நின்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.

ஜூலை 12, சனி

கிடைத்த ஆள் கமலநாதன்தான்.

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் என் பின்பக்கத்தை அவர் இவ்வளவு நேரம் கவனித்ததில்லை. குண்டூசி கொடுத்தேன், இரண்டு தடவை என்னைக் குத்தினார். மார்க்கர் பேனா கொடுத்தேன், ஆளே மாறிவிட்டார். மன்றத்தின் பேனரெல்லாம் அவர் எழுத்துதான். "குனி" என்றார், குனிந்தேன். "நாற்காலியில ஏறு" என்றார், ஏறினேன். துணியில் பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. ஓர் அம்புக்குறி போட இவ்வளவு நேரமா?

கழற்றிப் பார்த்தால் பேனர் எழுத்தில், நிழல் கொடுத்து, எழுதியிருக்கிறார்:

இவ்விடம் இறங்குகிறது.
இவ்விடம் மிகை.
இவ்விடம் சற்றே தளர்த்துக.

"மிகைன்னா யாருக்கு?" என்று கேட்டேன்.

"துணியத்தான் சொன்னேன்" என்றார், சமையலறைப் பக்கம் போய்க்கொண்டே.

ஜூலை 17, வியாழன்

தினமும் பிரிக்கிறேன், தைக்கிறேன். இடுப்புக்குக் கீழே பின்பக்கம் வரும் யோக் துண்டில் நடுவில் கொஞ்சம் துணியை எடுத்ததும் பூனைக்குட்டிக்கு இடமில்லாமல் போனது. ஆனால் உட்கார்ந்தால் பிடித்தது. உட்காருகிற இடமான சீட்டின் வளைவை இன்னும் ஆழமாக வெட்டினேன். உட்கார முடிந்தது, நடந்தால் தொடையில் ஏறியது. தொடைப் பக்கம் தையலைத் தளர்த்திவிட்டேன். ஒரு நாள் எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுக் கவுண்டரிலேயே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஹைதரின் முகத்தை நினைத்துக்கொண்டு மறுபடி ஊசி கோத்தேன்.

ஜூலை 19, சனி

பொருந்திவிட்டது!

நாற்காலியில் ஏறினேன். குந்தினேன். அடுப்படி மேடையில்கூட ஏறிப் பார்த்தேன். எங்கும் பிடிக்கவில்லை, எங்கும் இறங்கவில்லை. அவர் நிதானமாகச் சுற்றி வந்து பார்த்து, சீட்டில் கடைசியாக ஒரு வரி எழுதினார்: இவ்விடம் நன்று. எனக்குச் சட்டென்று அழுகை வந்துவிட்டது. ஜீன்ஸுக்காக அழுகிறேனே என்று சிரிப்பும் வந்தது.

காகிதத்தில் அளவு எதுவும் எடுக்கவில்லை. இந்த மாதிரிதான் அளவு. நாளை மன்றத்தின் விழா முடிந்து வந்ததும் தையலைப் பிரித்து டெனிம்மேல் வைத்து வெட்ட வேண்டும். தூசி படாமல் மடித்து, காலி உறை ஒன்றில் போட்டு அலமாரியில் வைத்தேன். கைப்பழக்கத்தில் சரிகை வெளியே தெரியத்தான் மடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

எழுதக் கை ஓடவில்லை. எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

மன்றத்தின் ஆண்டு விழா, பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில். தலைமை விருந்தினர் சபாபதி, சுல்தானிடம் டத்தோ பட்டம் வாங்கியவர். டத்தோவுக்குச் செயலாளர் கையால் பொன்னாடை. எங்கள் வீட்டுக்காரர் போர்த்துவதே தனி அழகு. பின்னால் நின்று ஒரே உதறு, துணி தோளில் விழும், இவர் கண் மட்டும் கேமராவைவிட்டு நகராது. போர்த்துவது யாருக்கு, எந்தத் துணி, எதையும் பார்க்கமாட்டார். புகைப்படத்தில் மட்டும் எப்போதும் சரியாகச் சிரித்துக்கொண்டிருப்பார்.

உதறினார். விழுந்தது.

மெரூன் கால் ஒரு தோள் வழியாக, பச்சைக் கால் மறு தோள் வழியாக, டத்தோவின் நெஞ்சில் இறங்கியது. சீட் அவர் முதுகில். டத்தோ மேடையில் இருந்த சாமி படத்துக்கு விளக்கேற்றத் திரும்பியபோது எழுத்தெல்லாம் தலைகீழாக எங்களுக்குத் தெரிந்தது. முன்வரிசை மொத்தமும் கழுத்தைச் சாய்த்துப் படித்தது. இவ்விடம் இறங்குகிறது. இவ்விடம் மிகை.

பலமான கைதட்டல். ஒருவர் வாய் திறக்கவில்லை. டத்தோ ஒரு காலை எடுத்துப் பார்த்தார், உள்ளே கைவிட்டுப் பார்த்தார், மறுபக்கமாகக் கை வெளியே வந்தது. கையை இழுத்துக்கொண்டு கும்பிட்டார். மேடையில் போர்த்தியாகிவிட்டால் அது பொன்னாடைதான், வேறு என்னவாக இருக்க முடியும்? அறிவிப்பாளர் ஒலிவாங்கியைப் பிடித்து, "இது மன்றத்தின் புதுமை, எழுத்துப் பொன்னாடை. இவ்விடம் நன்று என்று நம் செயலாளர் தம் கையாலேயே எழுதி வாழ்த்தியிருக்கிறார்" என்றார்.

அப்போதுதான் இவர் கேமராவைவிட்டுக் கண்ணை எடுத்தார். தன் எழுத்தைத் தானே படித்தார். முகத்தில் ரத்தமே இல்லை. ஆனாலும் ஆமாம் என்று தலையாட்டினார்.

டத்தோ அதைப் போட்டபடியே ஒற்றுமையைப் பற்றிப் பேசினார். போட்டபடியே காரில் ஏறிப் போய்விட்டார்.

வரும் வழியில் "என் மானம் போச்சு" என்றார் இவர்.

"உங்க மானம் அடுத்த கூட்டத்துல திரும்பி வந்துரும். என் அளவு வருமா?"

இவர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார்.

ஜூலை 22, செவ்வாய்

ஞாபகத்தில் இருப்பதை வைத்துப் பழைய வேட்டியில் ஒன்று தைத்தேன். இறங்குகிறது. எவ்வளவு எடுத்தேன், எங்கே விட்டேன், எதுவும் கைக்கு நினைவில்லை.

ஜூலை 23, புதன்

மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்திருக்கிறது. காப்பார் ஊரிலிருந்து ஒருவர், எழுத்துப் பொன்னாடை எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்கிறார். இவர் "ஸ்டாக் முடிந்தது" என்று பதில் போட்டிருக்கிறார். வெட்கமே இல்லை.

"டத்தோகிட்ட கேளுங்க" என்றேன்.

"போர்த்துனத திரும்பக் கேக்கறதா? அப்புறம் நான் எந்த மேடையில ஏற முடியும்?"

"நீங்க மேடையில ஏறணும். நான் லோரியில ஏறணும். எனக்கு ஒண்ணாம் தேதிக்குள்ள வேணும். நீங்க கேக்கலைன்னா நான் போறேன்."

ஜூலை 26, சனி

காலையில் நான் கிளம்பியபோது இவர் ஏற்கெனவே காரில் உட்கார்ந்திருந்தார். டெங்கில் வரை காரை அவரே ஓட்டினார்.

டத்தோவின் பங்களாவில் கதவைத் திறந்தவர் அவர் மனைவி, டத்தின் இராஜம்மா. காலில் என் ஜீன்ஸ். இடது கால் மெரூன், வலது கால் பச்சை. அவருக்கும் அது இம்மி பிசகாமல் பொருந்தியிருந்தது.

"வாங்க, வாங்க. இத டத்தோ பொன்னாடைன்னு சொல்லிக் கொண்டாந்தாரு. பொன்னாடைக்கு எதுக்கு ரெண்டு காலு? போட்டுப் பார்த்தேன். லண்டன் வரைக்கும் போய்த் தேடியிருக்கேன்மா, இந்த இடுப்புக்கு ஒண்ணும் அமஞ்சதில்ல." சொல்லிக்கொண்டே ஒரு சுற்று சுற்றிக் காட்டினார். இவ்விடம் நன்று.

எப்படிக் கேட்பது? அப்போது இவர் பேசினார். பேனர் தமிழ் இல்லை, வீட்டுத் தமிழ்.

"டத்தின், மன்னிச்சிருங்க. அது பொன்னாடை இல்ல. என் சம்சாரத்தோட ஜீன்ஸ் அளவு. பார்க்காம போர்த்திட்டேன். அது இல்லாட்டி அவங்களுக்கு வேலை போயிரும்."

வேலை போகாது, கவுண்டருக்குத்தான் திரும்ப வேண்டியிருக்கும். ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றுதான் என்று இந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறதே.

உள்ளேயிருந்து டத்தோவின் குரல் வந்தது. "அப்ப எனக்குப் பொன்னாடையே போடலையா?"

இவர் காருக்கு ஓடினார். பின்சீட்டில் எப்போதும் ஒன்று இருக்கும். உறையிலிருந்து எடுத்து, விரித்து, இரண்டு பக்கமும் பார்த்து, எங்காவது கால் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, வரவேற்பறையில் வைத்து டத்தோவுக்குப் போர்த்தினார். டத்தோ திருப்தியாகக் கும்பிட்டுவிட்டுத் தொலைக்காட்சிக்குத் திரும்பினார்.

டத்தின் மட்டும் ஜீன்ஸைத் தர மாட்டேன் என்றுவிட்டார். "அசல் எனக்கு. நீ வேணும்னா வரைஞ்சு எடுத்துக்கோ." சரிகை அவருக்கு அவ்வளவு பிடித்துவிட்டதாம். உள்ளே போய் வேறு உடை மாற்றிக்கொண்டு அதை எடுத்துவந்தார். பளிங்குத் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, டத்தின் ஒரு முனையை முழங்காலால் அழுத்திக்கொள்ள, நான் மறு முனையில் மண்டியிட்டு ஓரம் ஓரமாக வரைந்தேன். என் அளவு இப்போது மரண அறிவிப்புப் பக்கத்தில் இருக்கிறது.

ஜூலை 29, செவ்வாய்

இரட்டைத் தையல் வருகிற இடத்தில் ஊசி ஏறவே இல்லை, முறிந்துகொண்டே இருந்தது. இவர் சம்பால் இடிக்கிற குழவியை எடுத்துவந்து மடிப்பைத் தட்டித் தட்டித் தட்டையாக்கித் தந்தார். ஜீன்ஸில் லேசாக பெலாச்சான் இறால் விழுதின் வாசனை.

ஜூலை 31, வியாழன்

முடிந்தது. நீலம், மஞ்சள் நூல், பித்தளைப் பொத்தான். போட்டுக்கொண்டு கூடத்தில் நின்றேன். இவர் பழக்கதோஷத்தில் மார்க்கரின் மூடியைத் திறந்துகொண்டு பின்னால் வந்தார். குனியச் சொன்னார், ஏறச் சொன்னார், உட்காரச் சொன்னார். வெகுநேரம் பார்த்தார்.

"எழுத ஒண்ணும் இல்ல" என்று சொல்லி மூடியைப் போட்டுவிட்டார்.

இந்த மனிதர் எனக்காக எழுதியதிலேயே இதுதான் எனக்குப் பிடித்தது.

ஆகஸ்ட் 1, வெள்ளி

காலையிலேயே மழை. யார்டில் சேறு. நாகையா என்கிற டிரைவரோடு முதல் சண்டை. அவர் கன்டெய்னரின் சீல் நம்பர் தாளில் உள்ளதோடு ஒத்துவரவில்லை. "நீ மேல ஏறிப் பார்த்தியா?" என்றார். ஏறிப் பார்த்தேன். கடைசி எண் மாறித்தான் இருந்தது. முணுமுணுத்துக்கொண்டே லோரியைத் திருப்பினார். அதன்பின் வரிசை நகரவில்லை, எல்லாவற்றிலும் ஏறி இறங்க வேண்டியிருந்தது. சாப்பிடும்போது மணி மூன்று. ஹைதர் வெளியே வந்து பார்த்துவிட்டு உள்ளே போனார். நாளைக்குப் பினாங்கிலிருந்து சரக்கு வருகிறது, சீக்கிரம் போக வேண்டும்.

வீட்டுக்கு வந்து குளிக்கப் போய், பொத்தானில் கை வைத்தபோதுதான் ஜீன்ஸ் போட்டிருக்கிறேன் என்பதே நினைவுக்கு வந்தது.