அக்கா காலின் கிருமியும் குப்பைமேனியும்

மார்ச் 3
நிழலில் காய்ந்த குப்பைமேனி இலையைப் பொடித்து ஆல்கஹாலில் ஊறப்போட்டேன். ஆய்வகம் முழுக்கப் பச்சை வாடை. சோதிக்கப்போவது அக்காவின் பாதப் புண்ணிலிருந்து எடுத்த கிருமி. ஆறு மாதமாக எந்த மருந்துக்கும் மசியவில்லை. 12ஆம் தேதி இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

மார்ச் 7
நேற்று கிருமியைத் தடவி வைத்த கண்ணாடித் தட்டு முழுக்கப் பாலாடை மாதிரி அது படர்ந்திருக்கிறது. சாறு தொட்ட காகித வில்லையைச் சுற்றி மட்டும் கிருமியே இல்லாத தெளிந்த வட்டம். இருபத்திரண்டு மில்லிமீட்டர். சுவரோரம் தினமும் நான் மிதித்துப் போகிற செடி இது! எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டே நின்றேனோ.

அக்காவுக்குப் போன் போட்டேன். "அப்ப விரலை எடுக்க வேணாம்ல?" என்றாள். வேண்டும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 8
அறுவை சிகிச்சை வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டாளாம். மாமா சிரித்துக்கொண்டே சொன்னார்.

மார்ச் 10
ஆய்வுக்கு வழிகாட்டுகிற மேடம் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வெறும் ஆல்கஹால் தொட்ட வில்லை எங்கம்மா?"

வைக்கவில்லை. சாறு வில்லையைக் காயவும் விடவில்லை, அவசரம். ஐயோ, கிருமியைக் கொன்னது இலையா, ஆல்கஹாலா? எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அக்காகிட்ட சொல்லுவேன்?

மார்ச் 11
அக்காவிடம் சொல்லிவிட்டேன். "டாக்டர்கிட்ட நீயே போய்ப் பேசு" என்றாள். போனேன். அறுவை சிகிச்சைக்கு 19ஆம் தேதிதான் கிடைத்தது.

மார்ச் 13
வில்லைகளை நன்றாகக் காயவிட்டு நேற்று மறுபடி வைத்திருந்தேன். வெறும் ஆல்கஹால் வில்லையைச் சுற்றி ஒன்றுமில்லை. இலை வில்லையைச் சுற்றி மெல்லியதாகத் தெளிந்த ஓரம். மூன்று தட்டிலும். அழுதேன், எதற்கென்று தெரியாமல்.

மார்ச் 19
மூன்று விரல். தள்ளிப்போன நாட்களில் பரவிவிட்டதாம்.

ஏப்ரல் 30
அக்கா ஆய்வகத்துக்கு வந்தாள். மூடியைத் திறக்காமல் தட்டைக் காட்டினேன்.

"இதுவா என்னைப் பாடாப் படுத்துச்சு?"

"இதுதான்க்கா. இலை இவ்வளவுதான் தடுக்குது. மருந்தாகுமான்னே தெரியாது."

மூக்கு தட்டில் இடிக்கும்படி குனிந்தாள். "இவ்வளவுதான்னு சொல்ற. அதைத் தாண்டி ஒண்ணுகூட வரலையேடி."

வாசல்வரை கூடப் போனேன். இன்னும் சரியாக நடக்க வரவில்லை அவளுக்கு. சுவரோரம் வந்ததும் நின்று, ஊன்றுகோலைத் தூக்கி, குப்பைமேனிமேல் படாமல் தள்ளி ஊன்றினாள்.