சால்வைக்கு விலகி நின்றது

அன்பு மகள் சத்யப்ரியாவுக்கு அம்மா வேலம்மாள் எழுதிக்கொள்வது. நீ அங்கே நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் விளக்கேற்றுகிறேன். இங்கே நான் இருக்கிறேன், சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் லைன் அறுந்து அறுந்து போகிறது, அதனால் இதை எழுதிப் பக்கத்து வீட்டு சகாயசெல்வியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்கிறேன்.

நான் மேடையில் சால்வைக்கு விலகி நிற்கிற மாதிரி உனக்கு வந்த அந்தப் படத்தைப் பார்த்துத் தப்பாக நினைத்துவிடாதே. சண்டை நடக்கிற நாடுகளில் பெண்களுக்காகப் பாடுபடுகிறவர்களுக்கு மரியாதை செய்கிறோம், உங்கள் மகளால் சூடானை விட்டு வர முடியாதாம், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பாண்டிச்சேரி பெண்கள் சங்கத்து அம்மாக்கள் கூப்பிட்டார்கள். தெய்வநாயகி அத்தை, "அண்ணன் போய் வருசம் திரும்பல, அதுக்குள்ள மேடை கேக்குதா அண்ணி" என்றாள். உன் பேரைக் கூப்பிடும்போது யாரும் எழுந்திருக்காமல் இருந்தால் நன்றாயிருக்குமா, அதனால் உப்பு வாருகிற வேலைக்கு லீவு சொல்லிவிட்டுப் போனேன். மேடையில் ஒரு அம்மா சால்வையை விரித்துக்கொண்டு வந்தார்கள், நான் சட்டென்று பின்னால் போய்விட்டேன். அப்பா கருமாதியில் உன் மாமா என்மேல் கோடித்துணி போர்த்தியதிலிருந்து தோளில் யார் துணி போட வந்தாலும் விலகிவிடுகிறேன். அப்பா முகத்தைப் பார்க்க நீ வரவில்லை என்ற கோபம் இல்லை. பிளேன் ஓடவில்லை என்றால் நீ என்ன செய்வாய். கையில் கொடுங்கம்மா என்று கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அப்புறம் அந்த அம்மா மைக்கில் பேசினார்கள். சிப்பாய்கள் நாசம் செய்த பெண்களோடு நீ உட்கார்ந்து, பயம் தெளிய வைத்து, சாட்சி சொல்ல அழைத்துப் போகிறாய் என்றார்கள். போன சித்திரையில் உங்கள் ஆபீசைச் சுட்டார்களாம், நீ மேஜைக்கு அடியில் படுத்துத் தப்பித்தாயாம். எல்லாரும் கை தட்டினார்கள், எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்பாவிடம் மட்டும் நீ அப்போதே இதைச் சொல்லியிருக்கிறாய், எனக்கு இப்போதுதான் புரிகிறது. அந்த மாசம் அவர் உப்புப் பாத்திக்கும் போகாமல் போனையே பார்த்துக்கொண்டு கிடந்தார், கேட்டால், "ஒண்ணுமில்ல, பொண்ணு நல்லாதான் இருக்குது, நீ வேலையப் பாரு" என்பார்.

அன்றிலிருந்து கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. வாரின பாத்தியையே திரும்ப வாருகிறேன், மேஸ்திரி சத்தம் போடுகிறார். வந்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உன்னை நம்பி வாய் திறந்த பெண்களை நினைத்தால் அந்த வார்த்தை வர மாட்டேன் என்கிறது.

தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடி, ஜன்னல் பக்கம் படுக்காதே. எல்லா சாமியும் உன் கூடவே நிற்கட்டும். இனிமேல் பயப்படுகிற மாதிரி எது நடந்தாலும் என்னிடம் சொல்லிவிடு. நல்லதை மட்டும் பொறுக்கி என்னிடம் சொல்ல இங்கே அவர் இல்லை.

இப்படிக்கு,
உன் அம்மா வேலம்மாள்
மரக்காணம்