பல்கனியில் நான்கு சில்லுகள்

டோர்செட் பார்க்
23 நவம்பர் 2008

அன்புள்ள யோகராணிக்கு,

நான் நலம். நீர் நலமென்பதை உம்முடைய சில்லுகள் மூலம் அறிந்தேன். நேற்றுக் காலை கட்டடப் பொறுப்பாளர் என்னைக் கீழே கூப்பிட்டு, ஒரு கராஜ் வான் நான்கு சில்லுகளை என் பெயருக்கு இறக்கிவிட்டுப் போனதாகச் சொன்னார். பனிக்காலத்துக்காக உம்முடைய கொரோலா காரிலிருந்து கழற்றிய கோடைகாலச் சில்லுகள். கூடவே ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. பிரிந்து எட்டு மாதத்தில் நீர் அனுப்பிய முதல் பொருள் என்பதால், லிஃப்டில் இரண்டு தடவையாக ஏற்றி, பல்கனியில் அடுக்கி, மழை படாமல் மூடியும் வைத்திருக்கிறேன்.

போனில் கேட்டிருப்பேன். நீர் எடுப்பதில்லை. வந்த கடிதத்தைப் பிரிக்காமல் வைத்திருப்பது போனை எடுக்காமல் விடுவதைவிடக் கஷ்டம் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு ரயரிலும் மஞ்சள் சோக்குக் கட்டியால் 'யோகா' என்று எழுதி, அதன் கீழே 'முன் இடம்', 'பின் வலம்' என்று குறித்திருக்கிறது. மாறாமல் பூட்டுவதற்குக் குறிப்பார்கள், அது எனக்குத் தெரியும். ஆனால் உம்மை யோகா என்று கூப்பிட்டவன் உலகத்தில் ஒருவன்தான் என்று பதினொரு வருடமாக நினைத்திருந்தேன். எழுத்து தடித்த எழுத்து. சந்தேகமில்லாமல் ஓர் ஆணின் கை. அந்தக் கராஜ்காரர் யார்? வயது என்ன? எல்லா வாடிக்கையாளர்களின் பெயரையும் இப்படிப் பாதியில்தான் நிறுத்துவாரா?

இவற்றைக் கழற்றினார்கள் என்றால் வேறு நான்கு பூட்டியிருப்பார்கள். அவற்றைத் தெரிவுசெய்தது யார் என்பதையும் எழுதவும்.

ஏப்ரலில் திரும்ப மாற்றுவதற்கு நீர் இங்கே வந்துதான் ஆகவேண்டும். அதுவரை சில்லுகள் பத்திரம்.

இப்படிக்கு,
தில்லையம்பலம்


ரெக்ஸ்டேல்
4 டிசம்பர் 2008

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் சொல்லி எழுதிப் பழக்கமில்லை. அதனால் இப்படியே தொடங்குகிறேன்.

சில்லுகளை அங்கே அனுப்பியது இங்கே இடமில்லாததால். வீட்டுக்கார ஸெய்னம்பு அக்கா, "பேஸ்மென்ட்ல சைக்கிள் வைக்கவே எடமில்ல புள்ள, நீங்க நாலு சில்லக் கொண்டு வாறீங்களே" என்று சொல்லிவிட்டார். உங்கள் பல்கனி ஞாபகம் வந்தது. வேறொன்றும் ஞாபகம் வந்து அனுப்பவில்லை.

கராஜ்காரர் பெயர் நீக்கிலாப்பிள்ளை. மன்னார் ஆள். வயது அறுபத்தாறு. நவம்பரில் மட்டும் முந்நூறு பேரின் சில்லுகளைக் கழற்றுகிறார். நான் போனதும் அவர் விலை சொல்லவில்லை. "விடியக் காலமை எத்தனை மணிக்கு வெளிக்கிடுறனீங்கள் பிள்ளை? ஹைவேயாலையோ போறது?" என்றுதான் கேட்டார். பேக்கரி வேலை, நாலரைக்கு வெளிக்கிடுகிறேன் என்றேன். உடனே இரும்பு றிம்மில் நான்கு குளிர்கால ரயர்களை எடுத்து வைத்தார். "ரெண்டு காணாதோ?" என்று கேட்டது நான்தான். அப்படிக் கேட்க எங்கே பழகினேன் என்று உங்களுக்குத் தெரியும்.

போன வருடம் உங்கள் வானுக்கு நான்கு குளிர்கால ரயர் வாங்கினீர்கள். என் காருக்கு முன்னால் மட்டும் இரண்டு. "முன் சில்லுதானே இழுக்கிறது" என்று விளக்கமும் தந்தீர்கள். பெப்ரவரியில் 401 நெடுஞ்சாலையின் இறங்குபாதையில் பிரேக் பிடித்தேன். முன் சில்லுகள் சொன்னபடி நின்றன. பின்பக்கம் நிற்கவில்லை, சுற்றிக்கொண்டு வந்து, நான் வந்த வழியையே எனக்குக் காட்டியது. எதிரே ஒரு லொறி. அது எப்படி விலகிப் போனதென்று இன்றைக்கும் தெரியாது. நீங்கள் வந்ததும் முதலில் பம்பரைத்தான் பார்த்தீர்கள்.

அண்ணா குடும்பம் கிளிநொச்சியை விட்டுக் கிளம்பி தருமபுரம் பக்கம் போய்விட்டதாம். ஒக்டோபருக்குப் பிறகு போன் இல்லை.

யோகராணி


டோர்செட் பார்க்
18 ஜனவரி 2009

அன்புள்ள யோகராணிக்கு,

கிளிநொச்சி விழுந்த செய்தி கேட்டதும் மச்சான் இராசரத்தினத்தைத்தான் நினைத்தேன். ஏதாவது தெரிந்தால் எழுதவும்.

ரயர் விவகாரத்தில் எனக்குச் சொல்ல இருக்கிறது. இந்த நகரத்தில் தமிழ் ஆண்கள் இரண்டு விஷயங்களில்தான் உறுதியாகப் பேசுவார்கள்: ஒன்று அரசியல், மற்றது ரயர். இரண்டிலும் ஒருவனும் தன் கருத்தை மாற்றிக்கொண்டதாகத் தகவல் இல்லை. முன்னால் இரண்டு போதுமென்று எனக்குச் சொன்னவன் என் வேலையிடத்து நவரட்ணம். அவனுக்குச் சொன்னவன் ஒரு கலியாண மண்டபத்தில் அவனுக்குப் பக்கத்தில் இருந்து சாப்பிட்டவன். ஆதாரம் அவ்வளவுதான்.

போன சனிக்கிழமை அந்தக் கராஜுக்குப் போனேன். நான் யாரென்று சொல்லவில்லை. நீக்கிலாப்பிள்ளை என் வானை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"தம்பி, நாலும் புதுசு. உங்களுக்கு என்ன வேணும்?"

"காத்துப் பாக்க வந்தனான்."

பார்த்தார். "காத்தும் சரி. வீட்டில வேற கார் இருக்கோ?"

"இருந்தது."

"அதுக்கும் நாலும் போட்டனீங்களோ?"

நான் வெளியே கொட்டும் பனியைப் பற்றிப் பேசத் தொடங்கினேன்.

ஆனால் போன காரியம் வீணாகவில்லை. அவருடைய முன்பதிவுக் கொப்பியை எட்டிப் பார்த்தேன். எறும்பு ஊர்ந்ததுபோன்ற சாய்ந்த எழுத்து. சோக்கால் எழுதியது அவரல்ல. அங்கே வேலை செய்யும் மற்ற இருவரும் கயானாக்காரர்; தமிழ் எழுதமாட்டார்கள். ஆகவே வேறு ஆள் ஒருவர் இருக்கிறார். நீர் ஒருவரை ஒப்புக்கொண்டது மற்றவரை மறைக்க என்று முடிவுசெய்ய எனக்கு விருப்பமில்லை. வேறு முடிவும் கிடைக்கவில்லை.

ரயர்கள் நல்ல ரயர்கள். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

தில்லையம்பலம்


டோர்செட் பார்க்
28 ஏப்ரல் 2009

அன்புள்ள யோகராணிக்கு,

ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் இல்லை. குறை சொல்லவில்லை.

நேற்று யூனிவர்சிட்டி அவென்யூவில் உம்மைக் கண்டேன். எல்லோரும் போரை நிறுத்தச் சொல்லி வீதியில் உட்கார்ந்து குரல் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீர் ஒரு பதாகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றீர். மெலிந்து போயிருக்கிறீர். நான் கிட்ட வரவில்லை. மறுமுனையைப் பிடித்திருந்தவர் உயரமானவர், நீல நிறக் குளிர்ச்சட்டை. ஊரில் நாளுக்கு எத்தனை சாவு என்று ஒலிபெருக்கியில் வாசித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அந்த நீலச் சட்டைக்காரனின் கையில் மோதிரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். இதை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் விட்டால் இன்னும் மோசமாக இருக்கும்.

பிறகு சுரங்க ரயில் நிலையத்துக் கார் தரிப்பிடத்தில் உம்முடைய காரைத் தேடிப் பிடித்தேன். இன்னும் குளிர்கால ரயர். வெயில் ஏறிவிட்டது, அந்த இளகிய றப்பர் சூடான தார் வீதியில் பள்ளிக்கூட அழிறப்பர்போலத் தேயும். பூட்டியவருக்குக் கழற்ற ஞாபகமில்லைப் போலிருக்கிறது.

சில்லுகள் காத்திருக்கின்றன. எப்போது வருகிறீர்?

தில்லையம்பலம்


ரெக்ஸ்டேல்
14 மே 2009

அன்புள்ள உங்களுக்கு,

மறுமுனையைப் பிடித்திருந்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி உட்கார்ந்த கூட்டத்தில் நானும் இருந்தேன். என் வாழ்க்கையில் முதல்தடவையாக ஒரு ஹைவேயில் நடந்தேன். ஓடாமல் நின்ற கார்களுக்குள் இருந்தவர்கள் எங்களை ஏசினார்கள். முகாம்களுக்கு வந்தவர்களின் எந்தப் பட்டியலிலும் அண்ணாவின் பெயர் இல்லை. ஒவ்வொரு நாளும் பட்டியல் பார்க்கிறேன், வேலைக்குப் போகிறேன், திரும்ப வந்து பட்டியல் பார்க்கிறேன்.

தயவுசெய்து எனக்கு ரயர் பற்றி எழுதாதீர்கள். சில்லுகளை விற்றுவிடுங்கள், அல்லது யாருக்காவது கொடுங்கள். அவற்றுக்காக நான் வரமாட்டேன்.

யோகராணி


டோர்செட் பார்க்
24 மே 2009

அன்புள்ள யோகராணிக்கு,

எல்லாம் முடிந்துவிட்டது என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள். மச்சானைப் பற்றிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

ரயர் பற்றி எழுதவேண்டாம் என்றீர். இதுவே கடைசி.

இன்று காலை ஆறு மணிக்கு ரெக்ஸ்டேலுக்கு வந்தேன். ஸெய்னம்பு அக்கா கதவைத் திறந்து, "ராவெல்லாம் முழிச்சிட்டு இப்பதான் படுத்திருக்கா. சத்தம் போடாமச் செய்ங்க தம்பி" என்று பிளேன்ரீ தந்தார். உம்முடைய நான்கு கோடைச் சில்லுகளையும் பூட்டிவிட்டேன். முன் இடமென்று எழுதியதை முன் இடத்தில், பின் வலமென்று எழுதியதைப் பின் வலத்தில். எழுதியவர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அவர் யாரென்று இனிமேல் கேட்கமாட்டேன்.

கழற்றிய குளிர்காலச் சில்லுகளை நான் கொண்டுவரவில்லை. அக்காவின் பேஸ்மென்டில் பழைய சைக்கிள்களை ஒதுக்கிக் கொடுத்து, அந்த இடத்தில் அடுக்கியிருக்கிறேன். இப்போது உம்முடையது ஒன்றும் என்னிடம் இல்லை. பல்கனி வெறுமையாக, பெரிதாக இருக்கிறது.

பூட்டிய சில்லுகளை நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கவேண்டும். மறக்கக்கூடாது. ஸ்பனரை டிக்கியில் வைத்திருக்கிறேன். யார் இறுக்கினாலும் சரி.

அந்தப் பெப்ரவரியில் நான் பார்த்திருக்க வேண்டியது பம்பரை அல்ல.

தில்லையம்பலம்


ரெக்ஸ்டேல்
9 ஜூன் 2009

அன்புள்ள உங்களுக்கு,

அண்ணி செட்டிகுளம் முகாமில் இருக்கிறா. பெயர் பட்டியலில் வந்தது. அண்ணாவைக் கடைசியாகக் கண்டது மே பன்னிரண்டாம் திகதி, தண்ணீர் எடுக்கப் போனபோது என்று சொல்லி அனுப்பியிருக்கிறா. அதற்கு மேல் இப்போது எழுத முடியவில்லை.

தொண்ணூற்றேழு கிலோமீட்டரில் நட்டுகளை இறுக்கினேன். நானேதான். பின் வலத்தில் ஒன்று தளர்ந்திருந்தது. ஸ்பனரை நான் வைத்துக்கொள்கிறேன்.

அன்றைக்குக் கண் விழித்துத்தான் இருந்தேன். ஜாக் இறங்கும் சத்தம் நான்கு தடவை கேட்டது. நான் எழும்பி வெளியே வரவில்லை. வந்திருந்தால் நீங்கள் ஏதாவது கேட்டிருப்பீர்கள். கேட்காமல் போனதற்கு நன்றி.

சோக்கால் எழுதியது நான். நீக்கிலாப்பிள்ளையிடம் அந்தக் கிழமை மூன்று யோகராணிகளின் சில்லுகள் இருந்தன. சோக்கை என் கையில் தந்து, "மாறிப்போகாமல் இருக்க, வேற ஒருத்தருக்கும் இல்லாத பேர் ஒண்டை எழுதுங்கோ பிள்ளை" என்றார். அப்படி என்னிடம் இருந்தது ஒரு பெயர்தான். எழுதிவிட்டுத்தான் அது உங்களிடம் போகப்போகிறது என்று யோசித்தேன். அழிக்கவில்லை. உங்களுக்கு விளங்கும் என்று நினைத்தேன். நீங்கள் ஒரு கராஜ் முழுக்க அந்தக் கையெழுத்தைத் தேடினீர்கள். டிசம்பரில் எழுதிய என் கடிதம் உங்கள் மேசையில் இருந்திருக்கும்.

போன கிழமை வேலைக்குப் போகும்போது நல்ல மழை. இறங்கிப் பார்த்தேன், நான்கு சில்லிலும் சோக் போய்விட்டது. நவம்பரில் கழற்றும்போது திரும்ப எழுதவேண்டும். என்ன பெயர் எழுதுவதென்று இன்னும் யோசிக்கவில்லை.

யோகராணி