என் வீட்டுக்காரர் வைத்த வணக்கம்

14-8-2002, புதன்

இன்று கேபிளில் அந்தப் படம் வந்தது. கோடிக்கணக்கில் கொட்டி எடுத்த சிரிப்புப் படம். ஒரு வாரம்கூட ஓடவில்லை. போனக்காடு தேயிலை எஸ்டேட்டில் எடுத்தபோது என் வீட்டுக்காரரும் ஒரு பொட்டலம் சோற்றுக் கூலிக்குக் கூட்டத்தில் நின்றார். யானை துரத்த எல்லாரும் ஓடுவார்கள். இவர் மட்டும் நின்று, எஸ்டேட் துரைக்கு வைப்பதுபோல் கேமராவுக்கு வணக்கம் வைப்பார். அன்றிலிருந்து எங்கள் ஆரியசாலை வட்டாரம் முழுக்க இவரை 'படத்தைக் கவுத்தவன்' என்றுதான் கூப்பிடுகிறது.

சேனலை மாற்றப் போனார். நான் ரிமோட்டைப் பிடுங்கிச் சத்தத்தைக் கூட்டினேன்.

"ஏட்டி, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்!"

"கேக்கட்டும். கோடி வாங்குன ஹீரோவால முடியல. ஒரு பொதிச்சோறு வாங்குன நீருதான் சிரிக்க வைக்கீரு!"

வணக்கம் வந்தது. பக்கத்து வீட்டிலும் இதே படம்தான் போல, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. இவரும் சிரித்துவிட்டார்.

நாளை எவன் கேலி செய்தாலும் நான் பார்த்துக்கொள்கிறேன். இப்போது பாயில் படுத்தபடி கேட்கிறார்: "இனி எப்பம் போடுவான்?"