அக்காவின் மூக்கும் என் விஸ்கிப் பக்கமும்

என் செல்ல அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. இன்னும் உன்மேல் பொறாமை தீரவில்லை. செத்துப்போன அக்காமேல் பொறாமைப்படுகிற தம்பி வேறு யாராவது இருப்பானா?

ஏற்காட்டில் நம் லாட்ஜின் முன்னறையில் உட்கார்ந்து, ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் விஸ்கிகளைப் பற்றி இணையத்தில் எழுதத் தொடங்கியவன் நான். வரிக்குப் பயந்து மலையிடுக்கில் ஒளிந்து காய்ச்சியவர்கள், பிறகு உரிமம் வாங்கி விஸ்கி வடிக்கும் டிஸ்டிலரி கட்டிய கதையெல்லாம் நான் படித்துச் சேர்த்தது. நீ நாகலூர் எஸ்டேட்டில் காப்பி ருசி பார்க்கும் வேலையில் இருந்தாய். விஸ்கி குடிக்கக்கூட மாட்டாய். முகர்ந்து, நாக்கில் வைத்து, துப்பிவிடுவாய்.

ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கி ஒன்றுக்கு, சதுப்பு மண்ணை வெட்டி எரித்து அந்தப் புகையில் பார்லியை உலர்த்துவதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். நீ ஒரு தரம் முகர்ந்தாய்.

“மழையில நனைஞ்ச சாக்க அடுப்புக்கிட்ட காயப் போட்டாப்பல இருக்குது, சாமி.”

அதை நீ சொன்னதாகவே கடைசி வரியாகச் சேர்த்தேன். வாசகர்கள் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பிறகு என் வரலாறு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அக்கா என்ன சொன்னாங்க என்றே கேட்டார்கள்.

அதனால்தான் அன்று அப்படிச் செய்தேன். சேலத்திலிருந்து நாலு வாசகர்கள் உன்னைப் பார்க்க வந்த ஞாயிறு மதியம், விலையுயர்ந்த மால்ட் பாட்டிலில் சாதாரணக் கலப்பு விஸ்கியை ஊற்றி வைத்தேன். நீ அதைப் புகழ வேண்டும், நான் உண்மையைச் சொல்லிச் சிரிக்க வேண்டும் என்பது என் கணக்கு. நீ முகர்ந்தாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். சளி பிடித்திருக்கிறது, தம்பி சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றாய்.

அவர்கள் போனபின், கிளாஸ்களைக் கழுவிக்கொண்டே சொன்னாய்: “அது அந்த பாட்டல் சரக்கு இல்லீன்னு மோந்ததுமே தெரிஞ்சுபோச்சு. நாலு பேரு முன்னால உன்னைய எப்படிக் காட்டிக் குடுக்கறது, சாமி?”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதன் பிறகும், அக்காவுக்கு மூக்கு மங்கிவிட்டது என்று என் இணையப் பக்கத்தில் எழுதினேன். நீ படித்தாய். அதன்பின் மறுபடி கிளாஸைத் தொடவில்லை. ஏன் அக்கா என்னைக் கேட்கவில்லை?

நடந்ததையெல்லாம் போன வாரம் அப்படியே எழுதிப் போட்டுவிட்டேன். என்னைக் கிழிப்பார்கள் என்று காத்திருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை உன் மனசைப் பற்றித்தான். உன்னைக் கட்டிய மாமா அவற்றை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டு அழுதார். குற்றத்தை ஒப்புக்கொண்டவன் நான், பெயர் உனக்கு. எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன்.

நேற்று ஒரு புது பாட்டில் திறந்தேன். அந்த டிஸ்டிலரியின் வரலாறு எனக்கு மனப்பாடம். வெகுநேரம் முகர்ந்து பார்த்தேன். முன்பென்றால் தேன், ஆப்பிள், பழைய தோல்பை என்று வாசனைகளை அடுக்கியிருப்பேன். எனக்கு விஸ்கி வாசம் மட்டும்தான் வருகிறது என்று எழுதி முடித்தேன்.

இனி என் மூக்குக்கு எட்டாததை எழுத மாட்டேன், அக்கா. சத்தியம்.

உன்னிடம் தோற்க இன்னும் பழகாத,
உன் தம்பி